கதவுக்குப் பின்னால் 23 பேர்

சென்ற பருவத்தில் குற்றவியல் நீதிமுறை பற்றிய ஒரு விருப்பப் பாடத்தை எடுத்திருந்தேன். நான் சட்டம் படிப்பவள் அல்ல. அந்தப் பாடத்தை எடுத்தால் வெள்ளிக்கிழமைகளில் வகுப்பு இருக்காது என்பதுதான் உண்மையான காரணம். நான்காவது வாரம், எங்கள் டியூட்டோரியலில் இருந்த 16 பேரையும் பார்த்து விரிவுரையாளர், “இன்று நீங்கள்தான் கிராண்ட் ஜூரி. நான் அரசுத் தரப்பு வழக்கறிஞர்” என்றார்.

பத்து நிமிடத்தில் ஒரு கதை சொன்னார். ஒரு கஃபேயில் 800 வெள்ளி காணாமல் போகிறது. கடையை மூடிய பிறகு ஓர் ஊழியர் கல்லாவைத் திறப்பது கேமராவில் பதிவாகியிருக்கிறது. மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. இரண்டு நாள் கழித்துப் புதுக் கைப்பேசி வாங்கியிருக்கிறார். “இவர்மீது குற்றஞ்சாட்டி வழக்கை நீதிமன்றத்துக்கு அனுப்பலாமா? 12 பேர் கைதூக்கினால் போதும்.” 15 பேர் தூக்கினோம். நான் அதிகம் யோசிக்கவில்லை.

கைதூக்காத ஒரே தோழி, “அவர் ஏன் கல்லாவைத் திறந்தார் என்று முதலாளியிடம் யாராவது கேட்டார்களா?” என்றாள். விரிவுரையாளர் மேசையில் கவிழ்த்து வைத்திருந்த இரண்டாவது தாளைத் திருப்பினார். கல்லாவைத் திறந்து சில்லறையை எண்ணச் சொன்னதே முதலாளிதான். மறுநாள் விடுப்புக்கு அனுமதி கொடுத்தவரும் அவர்தான். “இதை ஏன் முதலிலேயே காட்டவில்லை?” என்று நாங்கள் கூச்சலிட்டோம். “காட்டியாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லையே” என்றார் அவர்.

அது விளையாட்டுக்குச் சொன்னது என்றுதான் அப்போது நினைத்தேன். 1992ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் இப்படித் தீர்ப்பளித்திருக்கிறது என்பது வீட்டுக்குப் போய்ப் படித்தபோதுதான் தெரிந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவிலிருந்து ஒரு வேடிக்கைச் செய்தி எல்லாருடைய கைப்பேசியிலும் வலம் வந்துகொண்டிருந்தது. 2025 ஆகஸ்ட் மாதம், அதிபர் டோனல்ட் டிரம்ப் வாஷிங்டன் நகருக்குள் கூட்டரசு அதிகாரிகளை அதிக எண்ணிக்கையில் இறக்கியிருந்த நேரம். ஓர் ஆடவர் எல்லைக் காவல் அதிகாரி ஒருவரைத் திட்டிவிட்டு, கையிலிருந்த சாண்ட்விச்சை அவர் மார்பில் வீசிவிட்டு ஓடினார். காணொளி பரவியது. அவர்மீது கூட்டரசு அதிகாரியைத் தாக்கியதாகக் கடுங்குற்றம் சாட்டப்போவதாக அரசு அறிவித்தது. அதற்கு 8 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. செய்தியைப் பார்த்த அப்பா, “ரொட்டிய வீசினதுக்கா எட்டு வருஷம்?” என்றார்.

கிராண்ட் ஜூரியும் அப்படித்தான் நினைத்தது போலும். குற்றஞ்சாட்ட மறுத்துவிட்டது. அமெரிக்கச் சட்ட உலகம் இதை நம்ப முடியாமல் பார்த்தது. அந்த வியப்பு ஏன் என்று புரிய, அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அறைக்குள் யார் இருக்கிறார்கள்?

அமெரிக்கத் திரைப்படங்களில் நாம் பார்ப்பது வேறொரு ஜூரி. 12 பேர் நீதிமன்றத்தில் ஓரமாக அமர்ந்திருப்பார்கள். இரு தரப்பு வழக்கறிஞர்களும் வாதிடுவார்கள். நீதிபதி சுத்தியலைத் தட்டுவார். கடைசியில் ‘குற்றவாளி’ அல்லது ‘குற்றவாளி அல்ல’ என்று அந்த 12 பேரும் ஒருமனதாகச் சொல்வார்கள். அது விசாரணை ஜூரி.

கிராண்ட் ஜூரி அதற்கு முன்பே வேலையை முடித்துவிடும். ஒருவர் குற்றம் செய்தாரா என்று அது தீர்மானிப்பதில்லை. அவரை நீதிமன்றத்தில் நிறுத்தும் அளவுக்கு முகாந்திரம் இருக்கிறதா என்பது மட்டுமே அதன்முன் உள்ள கேள்வி. கூட்டரசு வழக்குகளில் இதில் 16 முதல் 23 பேர் வரை இருப்பார்கள். குற்றஞ்சாட்ட 12 பேரின் இசைவு வேண்டும். 23இல் பாதியைத் தாண்டும் முதல் எண் 12 என்பதைக் கவனித்திருப்பீர்கள். உறுப்பினர்கள் சாதாரணக் குடிமக்கள். வாக்காளர் பட்டியல் போன்றவற்றிலிருந்து குலுக்கல் முறையில் பெயர் வரும். ஓர் ஆசிரியர், ஒரு பேருந்து ஓட்டுநர், ஓய்வுபெற்ற ஒரு தாதி என யாராகவும் இருக்கலாம். நாளொன்றுக்கு 50 டாலர் கொடுப்பார்கள். ஒரே குழு 18 மாதம் வரை, வாரத்தில் சில நாள்கள் கூடி, அடுத்தடுத்துப் பல வழக்குகளைக் கேட்கும்.

அறையில் நீதிபதி கிடையாது. குற்றஞ்சாட்டப்படவிருப்பவர் கிடையாது. அவருடைய வழக்கறிஞரும் கிடையாது. ஜூரி உறுப்பினர்கள், அரசுத் தரப்பு வழக்கறிஞர், ஒரு சாட்சி, பதிவு செய்யும் ஊழியர், தேவைப்பட்டால் ஒரு மொழிபெயர்ப்பாளர், அவ்வளவுதான். சாட்சிக்கு வழக்கறிஞரைக் கேட்க வேண்டும் என்றால் எழுந்து வெளியே போய், நடைக்கூடத்தில் காத்திருப்பவரிடம் பேசிவிட்டுத் திரும்பி வரவேண்டும். வாக்களிக்கும்போது ஜூரியைத் தவிர மற்ற எல்லாரும் வெளியேறிவிடுவார்கள்.

விசாரணை ஜூரி, ‘நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி’ குற்றம் நிரூபிக்கப்பட்டதா என்று பார்க்கும். கிராண்ட் ஜூரிக்கு நம்பத்தகுந்த முகாந்திரம் இருந்தாலே போதும். செவிவழிச் சாட்சியத்தை அதன்முன் வைக்கலாம் என்று 1956ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டவிரோதமாகச் சோதனையிட்டுக் கைப்பற்றிய சான்றை வைத்தும் சாட்சிகளைக் கேள்வி கேட்கலாம் என்று 1974ஆம் ஆண்டுத் தீர்ப்பு அனுமதித்தது. எங்கள் விரிவுரையாளர் சொன்ன 1992ஆம் ஆண்டுத் தீர்ப்பு, சந்தேக நபருக்குச் சாதகமான சான்றை அரசுத் தரப்பு காட்டியாக வேண்டியதில்லை என்றது. அமெரிக்க நீதித்துறை தன் வழக்கறிஞர்களுக்கு வைத்திருக்கும் கையேடு, முக்கியமான சாதகச் சான்றைக் காட்டும்படி சொல்கிறது. ஆனால், அது உள்விதி மட்டுமே. காட்டாவிட்டால் அந்தக் காரணத்துக்காக வழக்கு தள்ளுபடியாகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக ரகசியம். உள்ளே நடந்ததை ஜூரி உறுப்பினரோ அரசுத் தரப்பு வழக்கறிஞரோ வெளியே சொன்னால் குற்றம். (கூட்டரசு விதிப்படி சாட்சி மட்டும் தான் சொன்னதை வெளியே பேசலாம்.) இந்த ரகசியத்தைக் குறை சொல்வது எளிது. ஆனால், அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. விசாரிக்கப்பட்டு, குற்றஞ்சாட்டப்படாமல் விடப்பட்ட ஒருவரின் பெயர் வெளியே வரவே வராது. ஒரு பெயர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு முறை பரவிவிட்டால் அதை யாராலும் திரும்பப் பெற முடியாது என்பது நம் வயதினருக்கு நன்றாகத் தெரியும். மிரட்டலுக்குப் பயப்படும் சாட்சிகளுக்கும் அந்தக் கதவு ஒரு பாதுகாப்புதான்.

சாண்ட்விச் மீதும் குற்றஞ்சாட்டலாம்

1985ஆம் ஆண்டு, நியூயார்க் மாநிலத்தின் தலைமை நீதிபதி சோல் வாக்ட்லர் ஒரு நாளிதழிடம் பேசும்போது, அரசுத் தரப்பு வழக்கறிஞர் நினைத்தால் ஒரு ஹாம் சாண்ட்விச் மீதுகூடக் கிராண்ட் ஜூரியைக் குற்றஞ்சாட்ட வைக்க முடியும் என்ற பொருளில் சொன்னார். இந்த முறையைப் பெரும்பாலும் ஒழித்துவிட வேண்டும் என்பது அவர் கருத்து. (சில ஆண்டுகள் கழித்து, 1993இல், ஒரு கூட்டரசு கிராண்ட் ஜூரி அவர்மீதே குற்றஞ்சாட்டியது. மிரட்டல் வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார்.) அன்று முதல் இந்த ‘சாண்ட்விச்’ பேச்சு அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் பழமொழிபோல ஆகிவிட்டது.

அது வெறும் நகைச்சுவை இல்லை என்பதற்குப் புள்ளிவிவரமும் உண்டு. 2010ஆம் ஆண்டு அமெரிக்கக் கூட்டரசு வழக்கறிஞர்கள் கையாண்ட வழக்குகள் ஏறத்தாழ 162,000. கிராண்ட் ஜூரி குற்றஞ்சாட்ட மறுத்தவை 11 மட்டுமே. இதைப் படித்தவுடன் ‘வெறும் ரப்பர் முத்திரை’ என்று எழுதிவிடத் தோன்றும். நானும் என் கட்டுரையின் முதல் வரைவில் அப்படித்தான் எழுதினேன். விரிவுரையாளர் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பிக் கொடுத்தார்: பலவீனமான வழக்குகளை அரசுத் தரப்பு அங்கே கொண்டு போகுமா? போகாது. வெல்லக்கூடிய வழக்குகளே பெரும்பாலும் உள்ளே போகின்றன. எனவே அந்த 11, ஜூரியின் சோம்பலை மட்டும் காட்டவில்லை. ஆனாலும், சொல்லப்படும் ஒரே கதையைக் கேட்டு 15 பேர் கைதூக்கிய அறையில் நானும் இருந்தேன் என்பதையும் மறக்க முடியவில்லை.

அரசனின் கருவி, குடிமகனின் கேடயம்

இந்த அமைப்பு பிறந்தது இங்கிலாந்தில். 1166ஆம் ஆண்டு மன்னர் இரண்டாம் ஹென்றி, ஒவ்வொரு வட்டாரத்திலும் நம்பிக்கைக்குரியவர்கள் கூடி, அங்கே யார்மீது கொலை, கொள்ளைச் சந்தேகம் இருக்கிறது என்று சத்தியம் செய்து சொல்ல வேண்டும் என்று ஆணையிட்டார். அதாவது தொடக்கத்தில் அது அரசனுக்கு ஆள்பிடித்துக் கொடுக்கும் ஏற்பாடு. போகப்போக அதே கூட்டம், ‘இவர்மீது குற்றஞ்சாட்ட மாட்டோம்’ என்று அரசனையே மறுக்கும் துணிவையும் பெற்றது.

அமெரிக்கர்கள் பெருமையுடன் சொல்லும் கதை 1734ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடந்தது. அப்போது அது பிரிட்டிஷ் குடியேற்றம். ஆளுநர் வில்லியம் கோஸ்பியைத் தாக்கி எழுதிய பத்திரிகையை அச்சிட்டவர் ஜான் பீட்டர் செங்கர். அவர்மீது அவதூறுக் குற்றஞ்சாட்டும்படி கிராண்ட் ஜூரியிடம் கேட்டார்கள், மறுத்தது. மீண்டும் முயன்றார்கள், மீண்டும் மறுப்பு. பொறுமை இழந்த ஆளுநர் தரப்பு, ஜூரியைத் தாண்டி நேரடியாகவே வழக்குத் தாக்கல் செய்தது. 1735ஆம் ஆண்டு விசாரணை ஜூரி அவரை விடுவித்தது. 1791இல் அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாவது திருத்தம் வந்தபோது, கடுங்குற்றம் எதற்கும் கிராண்ட் ஜூரியின் குற்றச்சாட்டு இல்லாமல் யாரையும் விசாரிக்கக் கூடாது என்பது அதன் முதல் வரியிலேயே இடம்பெற்றது.

ஆனால், மாநிலங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை என்று 1884ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று ஏறத்தாழ பாதி மாநிலங்களில்தான் கடுங்குற்றங்களுக்கு இது கட்டாயம். மற்றவற்றில் அரசுத் தரப்பு தானே குற்றஞ்சாட்டி நீதிபதியிடம் போகலாம். இங்கிலாந்தோ இதைப் பெருமளவில் 1933இலும், மிச்சத்தை 1948இலும் கைவிட்டுவிட்டது.

சிங்கப்பூரிலும் கிராண்ட் ஜூரி இருந்தது தெரியுமா? எனக்குத் தெரியாது. பிரிட்டிஷ் ஆட்சியில், தொடுவாய்க் குடியேற்றங்களின் நீதிமன்றத்தில் அது செயல்பட்டது. பெரும்பாலும் ஐரோப்பிய வணிகர்கள் அமர்ந்த அந்த ஜூரி, வழக்குகளை மட்டுமல்லாமல் சாலை சரியில்லை, காவலர் போதவில்லை என்றும் அரசாங்கத்திடம் முறையிட்டது. 1870களில் அது ஒழிக்கப்பட்டது. விசாரணை ஜூரியும் இங்கே 1969ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முடிவுக்கு வந்தது, மலேசியாவில் 1995இல். இன்று இங்கே ஒருவர்மீது வழக்குத் தொடுப்பதா என்பது தலைமைச் சட்ட அதிகாரியின் முடிவு. அமெரிக்க முறையைப் படிக்கும்போது எனக்கு வந்த சந்தேகம் இதுதான்: அங்கேயும் முடிவு உண்மையில் அரசு வழக்கறிஞரிடம்தான் இருக்கிறதா, அந்த 23 பேர் வெறும் திரையா?

‘இல்லை’ என்ற பதிலின் பின்னால்

இந்தக் கேள்விக்கு ஃபெர்குசன் நகரம் ஒரு கசப்பான பாடம். 2014 ஆகஸ்ட் 9ஆம் தேதி, மிசூரி மாநிலத்தின் ஃபெர்குசனில், 18 வயது கறுப்பின இளையர் மைக்கல் பிரவுனைக் காவல்துறை அதிகாரி டேரன் வில்சன் சுட்டுக் கொன்றார். பிரவுனின் கையில் ஆயுதம் இல்லை. மிசூரியில் அரசுத் தரப்பு வழக்கறிஞர் நேரடியாகவே குற்றஞ்சாட்டியிருக்கலாம். ராபர்ட் மெக்கல்லக் அப்படிச் செய்யவில்லை. வழக்கைக் கிராண்ட் ஜூரியிடம் கொடுத்தார்.

கொடுத்த விதம்தான் விந்தை. வழக்கமாக ஒரு வழக்கறிஞர் சில சாட்சிகளை அழைத்து, இன்ன குற்றத்தைச் சாட்டுங்கள் என்று கேட்பார். வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். இங்கே 60 சாட்சிகள், ஏறத்தாழ 70 மணி நேரச் சாட்சியம், மூன்று மாதம். எந்தக் குற்றத்தைச் சாட்டலாம் என்று அரசுத் தரப்பு பரிந்துரைக்கவில்லை. பொதுவாகச் சந்தேக நபர் அந்த அறைக்கே வரமாட்டார். வில்சன் வந்தார், சுமார் நான்கு மணி நேரம் பேசினார். தப்பியோடுபவரைச் சுடுவது பற்றிய ஒரு பழைய சட்டப்பிரிவின் நகலை ஜூரியிடம் கொடுத்திருந்தார்கள். அந்த விதியை உச்ச நீதிமன்றம் 1985ஆம் ஆண்டிலேயே செல்லாததாக்கியிருந்தது. விசாரணையின் கடைசிக் கட்டத்தில்தான் அதைத் திருத்தினார்கள்.

நவம்பர் 24ஆம் தேதி இரவு, குற்றச்சாட்டு இல்லை என்று மெக்கல்லக் அறிவித்தார். அன்றிரவே ஃபெர்குசனில் கட்டடங்கள் எரிந்தன. ஒன்பதே நாள் கழித்து, நியூயார்க்கில் எரிக் கார்னரின் கழுத்தை இறுக்கிப் பிடித்த காவல் அதிகாரிமீதும் குற்றஞ்சாட்ட மறுத்தது வேறொரு கிராண்ட் ஜூரி. கார்னர் மூச்சுத் திணறும் காணொளியை உலகமே பார்த்திருந்தது.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். வில்சன் வழக்கை அமெரிக்க நீதித்துறை தனியாக விசாரித்து, 2015 மார்ச்சில் அவர்மீது வழக்குத் தொடுக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று அறிக்கை வெளியிட்டது. 2020ஆம் ஆண்டு, மெக்கல்லக்கைத் தேர்தலில் தோற்கடித்து வந்த வெஸ்லி பெல்லும் மீண்டும் ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்தார். எனவே முடிவு தவறு என்று நான் வாதிடவில்லை. ஆனால், தன் பெயரில் எடுக்க வேண்டிய ஒரு முடிவை ஒரு வழக்கறிஞர் பெயர் தெரியாத 12 பேரின் தோளில் ஏற்றிவிட்டு, ‘மக்கள் சொல்லிவிட்டார்கள்’ என்று ஒதுங்க இந்த அமைப்பு இடம் கொடுக்கிறது. அதுதான் என்னை உறுத்துகிறது. ஜார்ஜ் ஃபிளாய்ட் வழக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2020 மே 25ஆம் தேதி அவர் மரணமடைந்தார். நான்கே நாளில் மினசோட்டா அரசுத் தரப்பு, கிராண்ட் ஜூரிக்காகக் காத்திராமல், டெரிக் ஷாவின்மீது கொலைக் குற்றஞ்சாட்டியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பானது.

இதைவிடத் தெளிவான உதாரணம் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் நடந்தது. 2020 மார்ச் 13ஆம் தேதி பின்னிரவில், 26 வயது பிரியோனா டெய்லரின் வீட்டுக்குள் காவல் அதிகாரிகள் கதவை உடைத்து நுழைந்தனர். உள்ளே இருந்த அவருடைய காதலர், வந்தது யார் என்று தெரியாமல் ஒரு முறை சுட்டார். அதிகாரிகள் திருப்பிச் சுட்டதில் டெய்லர் இறந்தார். அந்தச் செப்டம்பரில் கிராண்ட் ஜூரி ஓர் அதிகாரிமீது மட்டும் குற்றஞ்சாட்டியது. அதுவும் டெய்லரின் மரணத்துக்காக அல்ல. தோட்டாக்கள் பக்கத்து வீட்டுக்குள் பாய்ந்து, அங்கிருந்தவர்களுக்கு ஆபத்தை விளைவித்ததற்காக. மற்ற இரு அதிகாரிகள் சுட்டது நியாயமே என்பதை ஜூரி ஏற்றுக்கொண்டதாக மாநிலத் தலைமைச் சட்ட அதிகாரி டேனியல் கேமரன் செய்தியாளர்களிடம் சொன்னார்.

அப்போது வழக்கத்தில் இல்லாத ஒன்று நடந்தது. ஜூரியில் இருந்த ஒருவர், பெயரை வெளியிடாமல், பேச அனுமதி கேட்டு நீதிமன்றம் போனார். அக்டோபரில் நீதிபதி அனுமதித்தார். அந்த உறுப்பினர் சொன்னது இதுதான்: கொலை தொடர்பான எந்தக் குற்றச்சாட்டும் எங்கள்முன் வைக்கப்படவில்லை. அந்தச் சட்டங்கள் எங்களுக்கு விளக்கப்படவும் இல்லை. வேறு குற்றச்சாட்டு உண்டா என்று கேட்டோம். அவை நிற்காது என்று அரசுத் தரப்பு கருதுவதால் இல்லை என்றார்கள்.

இதைப் படித்தபோது எனக்குக் கவிழ்த்து வைத்த அந்த இரண்டாவது தாள் நினைவுக்கு வந்தது. கிராண்ட் ஜூரிக்குச் சட்டப்படி பெரிய அதிகாரம் உண்டு. சாட்சிகளைக் கேள்வி கேட்கலாம். ஆவணங்களைக் கேட்டு வாங்கலாம். ஆனால், ஒரு தாள் இருப்பதே தெரியாதவர் அதைக் கேட்பது எப்படி? ‘ஆம்’ என்றாலும் ‘இல்லை’ என்றாலும், அது யாரோ கேட்ட கேள்விக்கான பதில். வெளியே இருக்கும் நமக்குப் பதில் மட்டும் தெரிகிறது. லூயிவில்லில் ஒருவர் துணிந்து பேசியிராவிட்டால், கேட்கப்பட்ட கேள்வி என்ன என்பது டெய்லரின் தாயாருக்குக்கூடத் தெரிந்திருக்காது.

2025இல் மாறியது என்ன?

இவ்வளவு படித்த பிறகு, சாண்ட்விச் வழக்கின் முடிவு எனக்கு வேடிக்கையாகப் படவில்லை. அரசுத் தரப்பு மட்டுமே பேசிய ஓர் அறையில், காணொளி ஆதாரம் இருந்தும், வாஷிங்டனின் சாதாரண மக்கள் சிலர் ‘முடியாது’ என்றார்கள். செய்தது யார் என்பதில் சந்தேகம் இல்லை. இது கடுங்குற்றமா என்பதில்தான் அவர்களுக்கு உடன்பாடு இல்லை என்று ஊகிக்கலாம். அரசுத் தரப்பு பிறகு அதைச் சிறு குற்றமாகக் குறைத்து, கிராண்ட் ஜூரி தேவைப்படாத வழியில் தாக்கல் செய்தது. சாண்ட்விச் தன்மேல் ‘வெடித்துச் சிதறியது’ என்று அந்த அதிகாரி நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். அது தாள் சுற்றியபடியே தரையில் கிடக்கும் படத்தை எதிர்த்தரப்பு காட்டியது. நவம்பர் 6ஆம் தேதி விசாரணை ஜூரி அவரை விடுவித்தது. செங்கர் வழக்கின் அதே வரிசையைக் கவனியுங்கள்: கிராண்ட் ஜூரி மறுப்பு, அதைத் தாண்டி நேரடி வழக்கு, கடைசியில் விடுதலை.

அது தனி நிகழ்வும் இல்லை. அதே கோடையில், அதே நகரில், ஓர் அதிகாரியைத் தாக்கியதாகப் பிடிபட்ட ஒரு பெண்மீது குற்றஞ்சாட்ட அரசுத் தரப்பு அடுத்தடுத்து மூன்று முறை முயன்றது. மூன்று முறையும் மறுப்பு. ஒரே ஆள்மீது இப்படித் திரும்பத் திரும்பப் போகலாமா என்று நீங்கள் கேட்கலாம். போகலாம். ஒரு குற்றத்துக்கு இருமுறை விசாரணை கூடாது என்ற விதி, விசாரணை தொடங்கிய பிறகுதான் வரும்.

பிறகு பெரிய பெயர்கள் வந்தன. டிரம்ப் வெளிப்படையாகவே பழிதீர்க்க விரும்பியவர்களில் ஒருவர், எஃப்பிஐயின் முன்னாள் இயக்குநர் ஜேம்ஸ் கோமி. செப்டம்பர் 25ஆம் தேதி விர்ஜினியாவில் ஒரு கிராண்ட் ஜூரி அவர்மீது இரண்டு குற்றச்சாட்டுகளை ஏற்று, மூன்றாவதை நிராகரித்தது. ஏற்றதற்குக் கிடைத்த வாக்குகள் 14. தேவையானதைவிட இரண்டே அதிகம். டிரம்ப்மீது சிவில் மோசடி வழக்குத் தொடுத்து வென்ற நியூயார்க் தலைமைச் சட்ட அதிகாரி லெட்டீஷா ஜேம்ஸ் மீது அக்டோபர் 9ஆம் தேதி, வீட்டுக் கடன் தொடர்பாகக் குற்றச்சாட்டு வந்தது. இரண்டையும் ஜூரிமுன் வைத்தவர் லிண்ட்சி ஹாலிகன். அவருடைய நியமனமே சட்டப்படி செல்லாது என்று நவம்பர் 24ஆம் தேதி நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்து, இரு வழக்குகளையும் தள்ளுபடி செய்தார்.

அரசு விடவில்லை. ஜேம்ஸ் மீது மீண்டும் குற்றஞ்சாட்ட டிசம்பர் 4ஆம் தேதி நார்ஃபோக் நகரில் புதிய கிராண்ட் ஜூரியிடம் போனது. மறுப்பு. ஒரு வாரம் கழித்து அலெக்சாண்ட்ரியாவில் இன்னொரு கிராண்ட் ஜூரி. அங்கேயும் மறுப்பு.

இதை மக்களாட்சியின் வெற்றி என்று கொண்டாடியவர்கள் பலர். எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால், ஒரு சின்னத் தயக்கம். எரிக் கார்னருக்கு நியாயம் கிடைக்காமல் போனதும் இதே போன்ற ஒரு மறுப்பினால்தான். அமெரிக்கத் தென்மாநிலங்களில் ஒரு காலத்தில் வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரிகள், கறுப்பினத்தவரைக் கொன்ற வெள்ளையர்மீது குற்றஞ்சாட்ட மறுத்ததும் இதே அதிகாரத்தை வைத்துத்தான். நமக்குப் பிடித்த முடிவு வரும்போது அதை மனசாட்சி என்கிறோம், பிடிக்காதபோது ஓரவஞ்சனை என்கிறோம். அறைக்குள் போய்ப் பார்த்து எது எதுவென்று சொல்ல நமக்கு வழியில்லை.

ஒழித்துவிட்டால் தீருமா? வாக்ட்லர் அப்படி நினைத்தார். நான் நினைக்கவில்லை. ஒழித்திருந்தால் 2025இல் அரசை மறுத்திருக்க அந்த அறையில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால், இரண்டாவது தாளைக் காட்டியே ஆகவேண்டும் என்று சட்டம் எழுதுவதில் என்ன தடை? கலிஃபோர்னியா மாநிலம் அப்படித்தான் வைத்திருக்கிறது. சந்தேக நபருக்குச் சாதகமான சான்று தெரிந்தால் அரசுத் தரப்பு அதைச் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் சந்தேக நபர் விரும்பினால் ஜூரிமுன் வந்து பேசலாம். தன் வழக்கறிஞரையும் உடன் அழைத்து வரலாம். அங்கெல்லாம் குற்றவாளிகள் தப்பி நீதிமுறை இடிந்து விழுந்துவிடவில்லை. காவல்துறையினர் சம்பந்தப்பட்ட மரணங்களில், அன்றாடம் அவர்களோடு சேர்ந்து வேலை செய்யும் உள்ளூர் வழக்கறிஞரிடம் வழக்கைக் கொடுக்காமல் வெளியாளிடம் கொடுப்பதும் ஒரு வழி. கார்னர் வழக்குக்குப் பிறகு, 2015இல், நியூயார்க் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ அப்படி ஓர் ஆணை பிறப்பித்தார்.

கூட்டரசு நீதிமன்றங்களில் மட்டும் 1992ஆம் ஆண்டுத் தீர்ப்பு இன்றும் அப்படியே நிற்கிறது.

தேர்வு முடிந்த பிறகு, கைதூக்காத அந்தத் தோழியை நூலகத்தில் பார்த்தேன். அன்று இரண்டாவது தாள் இருப்பதை எப்படி ஊகித்தாய் என்று கேட்டேன். “தாளெல்லாம் எனக்குத் தெரியாது. புதுக் கைப்பேசி வாங்கினது எப்படித் திருட்டுக்குச் சான்று ஆகும்னு புரியல. நானும் அந்த வாரம்தான் ஒண்ணு வாங்கியிருந்தேன்” என்றாள்.